சின்ன இஸ்தான்பூலா? யார் வைத்த பெயர்?

ஐரோப்பா போய்வரும் நம்மவர்களின் பயணக் கட்டுரைகளில் பேர்லின் நகரம் வந்தால் குரொய்ஸ்பேர்க் என்ற வட்டாரமும் கட்டாயம் வரும். அது வந்ததும் நான்கு பொருள்கள் வரிசை தவறாமல் வந்து நிற்கும்: ஹலால் இறைச்சிக் கடை, டோனர் கபாப், முக்காடிட்ட பெண்கள், பள்ளிவாசல். கடைசியில் 'ஐரோப்பாவின் நெஞ்சில் ஒரு சின்ன இஸ்தான்பூல்' என்றொரு ஆனந்தப் பெருமூச்சு. எழுதியவர் அங்கு அரை நாள் நின்றிருப்பார். அந்த அரை நாளும் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடையில் கழிந்திருக்கும்.

நான் பேர்லினைக் கண்டவனல்லன். ஒரு கிராமத்துப் பாடசாலையில் வரலாறும் தமிழும் படிப்பிப்பவன். காணாதவன் எழுதலாமா என்று கேட்பீர்கள். கண்டவர்கள் எழுதிய இலட்சணம்தான் என்னை எழுதத் தூண்டியது.

இந்தப் பெருமூச்சுக்கு நேர் எதிரே இன்னொரு குரல் உண்டு. அது ஜேர்மனியர் சிலரின் குரல். 1973 ஜூலையில் அந்நாட்டின் பிரபல வார இதழான 'ஸ்பீகல்', துருக்கியர் வருகிறார்கள், முடிந்தவர் தப்பிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அட்டைக் கட்டுரையே வெளியிட்டது. 2010இல் பேர்லின் மாநிலத்தின் முன்னாள் நிதி அமைச்சர் திலோ சராசின் முஸ்லிம் குடியேறிகளைச் சாடி எழுதிய நூல் பத்து இலட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. இந்தக் குரலுக்கும் ஒரு சொல் வரிசை இருக்கிறது: கெட்டோ, சமாந்தர சமூகம், ஒன்றிணைய மறுப்பவர்கள்.

நம்மவரின் பெருமூச்சையும் இவர்களின் புலம்பலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான். துருக்கியர் தாமாக விரும்பி ஓரிடத்தில் கூடித் தமக்கென ஓர் ஊரை அமைத்துக்கொண்டனர் என்று இரு சாராருமே நம்புகின்றனர். நம்மவருக்கு அது பெருமை. அவர்களுக்கு அது குற்றம். அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்பதே என் வாதம். இடிப்பதற்கென்று குறித்து வைத்த வீடுகளில், போய்விடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு, துருக்கியர் இருத்தப்பட்டனர். அவர்கள் போகவில்லை. அந்த வீடுகள் இன்றும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். குரொய்ஸ்பேர்க் என்றால் சிலுவைக் குன்று. குன்று என்றாலும் உயரம் 66 மீற்றர்தான். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் கிடைத்த வெற்றிக்காக அதன்மேல் கட்டடக் கலைஞர் ஷிங்கல் வடிவமைத்த வார்ப்பிரும்பு நினைவுச் சின்னம் 1821இல் திறக்கப்பட்டது. அதன் உச்சியில் இருப்பது தேவாலயச் சிலுவையல்ல. பிரஷ்ய அரசன் படைவீரர்களுக்கு வழங்கிய இரும்புச் சிலுவைப் பதக்கத்தின் உருவம். 1920இல் அயல் ஊர்களையெல்லாம் இணைத்துப் பெரும் பேர்லின் உருவாக்கப்பட்டபோது இந்த நகரப் பகுதி தனி வட்டாரமாகியது. அடுத்த ஆண்டு குன்றின் பெயர் வட்டாரத்துக்கு வந்தது. 'சிலுவைக் குன்றில் பாங்கொலி' என்று பரவசப்பட்டு எழுதுவோர் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இனி வீடுகள். 1862இல் ஹோப்ரெக்ற் என்ற பொறியியலாளர் பேர்லினின் விரிவாக்கத்துக்கான வரைபடத்தைத் தயாரித்தார். அகன்ற வீதிகள், அவற்றுக்கிடையே மிகப் பெரிய காணித் துண்டுகள். நில வியாபாரிகள் அத்துண்டுகளில் ஓர் அங்குலமும் வீணாகாமல் கட்டினார்கள். வீதியோரம் அழகிய முகப்புடன் முன்வீடு, இருபுறமும் பக்கச் சிறகுகள், பின்னால் பின்வீடு, அதற்கும் பின்னால் இன்னொரு முற்றமும் இன்னொரு பின்வீடும். முற்றத்தின் குறைந்த அளவு என்ன தெரியுமா? 1853ஆம் ஆண்டுக் கட்டட விதிப்படி 5.34 மீற்றர் நீளம், 5.34 மீற்றர் அகலம். தீயணைப்பு வண்டி திரும்ப அவ்வளவு இடம் வேண்டுமாம். மனிதருக்கு வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. முன்வீட்டில் உத்தியோகத்தர், பின்வீட்டில் தொழிலாளர், முற்றத்தில் பட்டறை. மலசலகூடம் படிக்கட்டுத் திருப்பத்தில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக.

இப்பின்வீடுகளில் முதலில் குடியேறியவர்கள் யார்? கிழக்கே சிலேசியாவிலிருந்தும் பொமரேனியாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். 1860களில் திறக்கப்பட்ட கேர்லிற்ஸ் புகையிரத நிலையத்தில் இறங்கியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து சேரும் தூரத்தில் இவ்வட்டாரம் இருந்தது. பேச்சு வழக்கு வேறு, பலருக்கு மதப்பிரிவும் வேறு. துருக்கியர் வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே குரொய்ஸ்பேர்க் வந்தேறிகளின் ஊர்தான். கால்வாய்க் கரையில் 1916இல் யூதர்கள் பெரிய தொழுகைக் கூடமொன்றை எழுப்பினார்கள். 1938 நவம்பர் வன்முறையில் நாசிகள் அதைச் சேதப்படுத்தினர். இன்று எஞ்சி நிற்பது பக்கக் கட்டடம் மட்டுமே. நாசிகளின் இரகசியப் பொலிஸ் தலைமையகம் இருந்ததும் இதே வட்டாரத்தில்தான். கணினியின் மூதாதையரில் ஒன்றான இசட் 3 என்ற இயந்திரத்தைக் கொன்றாட் சூசே 1941இல் இயக்கிக் காட்டியதும் இங்குள்ள ஒரு வீதியில்தான். பயணக் கட்டுரைக்காரர் எவரும் இவற்றை எழுதக் காணோம். கபாப் ஆறிவிடும் என்ற அவசரம் போலும்.

1961 ஆகஸ்ட் 13இல் சுவர் எழுந்தது. ஒரே இரவில் மேற்கு பேர்லின் தொழிற்சாலைகள் கிழக்கிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோன ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரை இழந்தன. எழுபத்தெட்டு நாட்கள் கழித்து, ஒக்ரோபர் 30ஆம் திகதி, மேற்கு ஜேர்மனி துருக்கியுடன் தொழிலாளர் திரட்டும் உடன்படிக்கை செய்தது. இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கத்துடன் முன்னரே அத்தகைய உடன்படிக்கைகள் இருந்தன. ஆனால் துருக்கியருக்கு மட்டும் இரண்டு ஆண்டு எல்லை விதிக்கப்பட்டது. வேலை செய், இரண்டு வருடத்தில் வீடு போ, அடுத்தவன் வருவான். இஸ்தான்பூலில் இயங்கிய ஜேர்மன் அலுவலகத்தில் பல் முதல் சிறுநீர் வரை சோதித்துத்தான் ஆளை ஏற்றினார்கள். இந்த இரண்டு வருட எல்லையை 1964இல் நீக்கவைத்தவர்களும் முதலாளிகளே. பழக்கியெடுத்த தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவனைப் பழக்குவது நட்டம் என்பது அவர்கள் கணக்கு.

பேர்லினுக்கு வந்தோரில் பெண்கள் கணிசமானோர். மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு மெல்லிய விரல்கள் தேவைப்பட்டன. பின்னாளில் ஜேர்மன் மொழியின் பெரும் எழுத்தாளராகிய எமினே செவ்கி ஒஸ்டமர் 1965இல் பேர்லின் வந்ததும் அப்படியொரு தொழிற்சாலைப் பெண்ணாகவே. விடுதி வாழ்க்கையை அவர் 1998இல் வெளிவந்த நாவலில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

எங்கிருந்து வந்தார்கள்? 'சின்ன இஸ்தான்பூல்' என்போருக்கு இது ஓர் எளிய கேள்வி. பெரும்பான்மையோர் அனதோலியாவின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 1966 ஆகஸ்டில் கிழக்குத் துருக்கியின் வார்த்தோ பகுதியை நிலநடுக்கம் அழித்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தொழிலாளர் பட்டியலில் முன்னுரிமை தரப்பட்டது. குர்தியரும் அலெவிகளும் செறிந்து வாழ்ந்த பகுதி அது. அவர்களில் பலர் பேர்லினை அடைந்தனர். 1978இல் மராஷ் நகரில் அலெவிகள் கொல்லப்பட்டனர். 1980 செப்டெம்பரில் இராணுவச் சதிப்புரட்சி நடந்தது. இடதுசாரிகளும் தொழிற்சங்கவாதிகளும் தப்பி வந்தனர். இஸ்தான்பூலை இரயில் ஏறும் இடமாக மட்டுமே கண்ட ஒரு குர்தியக் குடியானவனின் குறிச்சிக்கு நாம் இஸ்தான்பூல் என்று பெயர் வைக்கிறோம். வால்டெமார் வீதியில் அலெவிகளின் ஜெம் இல்லம் இருக்கிறது. நம்மவர் கட்டுரைகளில் அந்த வீதியே இல்லை. இருந்தால் 'உம்மத்தின் ஒற்றுமை' என்ற அடுத்த பந்தி சற்று இடறியிருக்கும்.

இப்போது விடயத்தின் மையத்துக்கு வருகிறேன். குரொய்ஸ்பேர்க்கின் கிழக்குப் பாதியை அதன் பழைய அஞ்சல் எண்ணால் எஸ்.ஓ. 36 என்பார்கள். சுவர் எழுந்ததும் அது மூன்று புறமும் அடைபட்ட மூலையாகிவிட்டது. வசதியுள்ள ஜேர்மனியர் வெளியேறினர். 1963இல் மேற்கு பேர்லின் அரசு முதலாவது நகரப் புனரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. புனரமைப்பு என்ற சொல்லின் பொருள் இடிப்பு. பழைய வீடுகளைத் தரைமட்டமாக்கித் தொடர்மாடிகள் கட்டுவது, ஒரானியன் சதுக்கத்தின் ஊடாக ஒரு நெடுஞ்சாலையை விடுவது என்பன திட்டங்கள். அந்தச் சதுக்கமே ஒரு பெருஞ்சந்தியாக மாறவிருந்தது.

இடிக்கப்போகும் வீட்டைத் திருத்த எந்த உரிமையாளன் காசு செலவழிப்பான்? கூரை ஒழுகியது, குழாய் வெடித்தது, அடுப்பு நிலக்கரி அடுப்பாகவே இருந்தது. ஆனால் இடிக்கும் நாள் வரும் வரை வாடகையை விட்டுவிட மனம் வருமா? ஜேர்மன் குடியிருப்பாளன் முறைப்பாடு செய்வான். அவனுக்குச் சட்டம் தெரியும். எனவே ஓரிரு வருடத்தில் ஊர் திரும்பப்போகிற, மொழி தெரியாத, வேறு எங்கும் வீடு கொடுக்கப்படாத துருக்கியனுக்கு அவ்வீடுகள் விடப்பட்டன. ஒரு தற்காலிக வீட்டில் ஒரு தற்காலிக மனிதன். இரண்டு தற்காலிகங்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள் உரிமையாளர்களும் புனரமைப்புக் கம்பனிகளும் நகராட்சியும். இதற்குப் பெயர் 'ஒன்றிணைய மறுத்தல்' என்றால், மறுத்தவர் யார்?

1973 நவம்பரில் ஆள் திரட்டல் நிறுத்தப்பட்டது. அதுவரை ஊருக்குப் போய் மறுபடி வரலாம் என்றிருந்தவர்கள், போனால் திரும்ப முடியாது என்றானதும் மனைவி மக்களை அழைத்துக்கொண்டனர். வாசலை அடைத்தபோதுதான் உள்ளே இருந்தவர்கள் நிரந்தரமாயினர். அதற்கு அரசு கண்ட மருந்து என்ன? 1975இல் குரொய்ஸ்பேர்க், வெடிங், ரியர்கார்ற்றன் ஆகிய மூன்று வட்டாரங்களிலும் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறத் தடை. கடவுச்சீட்டிலேயே முத்திரை குத்தினார்கள். முதலில் வேறிடத்தில் வீடு கொடுக்காமல் இங்கு ஒதுக்கினார்கள். பிறகு இங்கு கூடிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். பிறகு இங்கும் வராதே என்று முத்திரை குத்தினார்கள். 'கெட்டோ' என்று எழுதியவர்கள் இந்த முத்திரையின் மையையும் தொட்டு எழுதியிருக்கலாம்.

அதே 1975இல் நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. மே 11ஆம் திகதி, செத்தின் மேர்ற் என்ற துருக்கியச் சிறுவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். ஸ்ப்ரே ஆற்றங்கரையில் விளையாடும்போது பந்து தண்ணீரில் விழுந்தது. எடுக்கப்போனவன் வழுக்கி விழுந்தான். கரை மேற்குக்குச் சொந்தம், ஆறு முழுவதும் கிழக்குக்குச் சொந்தம். மேற்கின் தீயணைப்புப் படை கரைக்கு வந்தும் தண்ணீரில் இறங்கத் துணியவில்லை. இறங்கினால் எல்லைக் காவலர் சுடலாம். கிழக்கின் படகு வந்து எடுத்தது பிள்ளையின் மையித்தைத்தான். அக்கரையோரத்தில் அப்படி மூழ்கிய ஐந்தாவது குழந்தை அவன். இருவர் ஜேர்மன் பிள்ளைகள், ஒருவன் இத்தாலியன், இருவர் துருக்கியர். அந்த ஆண்டு ஒக்ரோபரில்தான் இரு தரப்பும் மீட்புப்பணி பற்றி உடன்படிக்கை செய்தன. சமாந்தர சமூகமாம்! ஐந்து குழந்தைகளும் ஒரே ஆற்றில் அல்லவா போனார்கள்?

அந்தக் கரையின் பெயர் அப்போது குரோபன் கரை. ஆபிரிக்காவின் கானாக் கரையில் 1683இல் பிரண்டன்பேர்க் அரசுக்காகக் கோட்டை அமைத்து அடிமை வியாபாரத்துக்கு வழிதிறந்தவர் அந்தக் குரோபன். 2010இல் பெயரை மாற்றி மே அயிம் கரை என்றாக்கினார்கள். மே அயிம், 1996இல் மறைந்த கறுப்பின ஜேர்மன் கவிஞை. அடிமை வியாபாரத்தோடு தொடர்புடைய பெயர் இருந்த இடத்தில் ஒரு கவிஞையின் பெயர். எழுதுபவர்கள் பேர்லின் போனால் கபாப் கடைக்கு முன் அங்கு போகலாம்.

சுவர் என்றதும் நம் நாட்டவரின் தடமும் ஞாபகத்துக்கு வருகிறது. 1980களின் முற்பகுதியில் அடைக்கலம் தேடிய இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக் வீதிப் புகையிரத நிலையத்தினூடாக மேற்கு பேர்லினுக்குள் வந்தனர். 1985இல் மேற்கின் வற்புறுத்தலால் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்தது. சுவரைக் கட்டியவர்களிடமே, எங்கள் பக்கம் ஆட்களை விடாதீர்கள் என்று கேட்ட மேற்கை நாம் மறந்துவிடக் கூடாது.

இடிப்பு என்னவாயிற்று? கொட்புஸர் வாயில் சந்தியில் 1974இல் ஒரு பெரும் தொடர்மாடி எழுந்தது. வட்டாரம் முழுவதும் அப்படியாக வேண்டியது. ஆனால் மக்கள் எதிர்த்தார்கள். 1971இல் பெத்தானியன் என்ற பழைய மருத்துவமனையின் விடுதியை இளைஞர் கைப்பற்றினர். 1980இல் போஸ்ரர் வீதியில் பூட்டிக்கிடந்த வீடுகளுக்குள் துருக்கியப் பெண்களும் குடும்பங்களும் புகுந்தனர். 1981இல் மேற்கு பேர்லினில் கைப்பற்றப்பட்ட வீடுகள் நூற்றைம்பதைத் தாண்டின. அவற்றில் பெரும்பங்கு குரொய்ஸ்பேர்க்கில். இறுதியில் ஹேமர் என்ற கட்டடக் கலைஞரின் குழு, குடியிருப்போரை வெளியேற்றாமல் அவர்களைக் கேட்டே வீட்டைத் திருத்துவது என்ற கோட்பாட்டை முன்வைத்தது. 1983இல் நகர நிருவாகமும் அதன் பக்கம் வந்தது. நெடுஞ்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. இந்த வரலாற்றை எழுதும் ஜேர்மனியர் இளைஞர்களின் கறுப்புச் சட்டையையும் கிற்றாரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அந்த வீடுகளில் அதற்கு முன்பே பத்து வருடம் வாடகை கட்டி, நிலக்கரி சுமந்து, ஒழுகிய இடத்தில் வாளி வைத்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு பந்தி மிஞ்சுகிறது. வெறுமையான வீட்டை இடிப்பது எளிது. பிள்ளைகள் உறங்கும் வீட்டை இடிப்பது அத்தனை எளிதல்ல.

ஒஸ்மான் காலின் கதை இதற்கு நல்ல சான்று. யோஸ்காத் பகுதியிலிருந்து வந்த தொழிலாளி. கிழக்கு ஜேர்மனியர் செலவை மிச்சம்பிடிக்கச் சுவரை நேராகக் கட்டியதில், கிழக்குக்குச் சொந்தமான முக்கோணத் துண்டொன்று மேற்குப் பக்கம் அநாதையாகக் கிடந்தது. மேற்குப் பொலிஸுக்கு அங்கு அதிகாரமில்லை. கிழக்குக் காவலர் சுவரைத் தாண்டி வரவேண்டும். 1980களின் தொடக்கத்தில் குப்பையாகக் கிடந்த அந்த இடத்தைத் துப்புரவாக்கி வெங்காயமும் உள்ளியும் நட்டார் காலின். பிறகு பழைய பலகைகளால் ஒரு குடிலும் கட்டினார். கிழக்குக் காவலர் வந்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்களாம். சுவர் போய்விட்டது, 2018இல் அவரும் போய்விட்டார், குடில் அங்கேயே இருந்தது. இரண்டு வல்லரசுகளின் எல்லையில் ஒரு கமக்காரன்!

பள்ளிவாசல் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கோபிப்பார்கள். 1987 மே முதலாம் திகதிக் கலவரத்தில் கேர்லிற்ஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பல்பொருள் அங்காடி எரிந்து சாம்பலானது. பல்லாண்டுகள் வெறுமையாகக் கிடந்த அந்த மூலையில்தான் உமர் இப்னுல் கத்தாப் பள்ளிவாசல் இன்று நிற்கிறது. அதை எழுப்பியது பெரும்பாலும் லெபனான் வழியினரைக் கொண்ட சங்கம். துருக்கியர் அல்லர்! சின்ன இஸ்தான்பூல் என்ற பலகையை இங்கும் மாட்ட முடியாது.

எழுத்தாளர்களின் சஞ்சிகையில் எழுத்தைப் பற்றிப் பேசாமல் போகலாமா? அராஸ் ஒரென் என்ற கவிஞர் 1969இல் பேர்லினில் குடியேறினார். நௌனின் வீதிக்கு நியாசி எதற்கு வந்தான் என்று கேட்கும் தலைப்பில் 1973இல் அவருடைய நெடுங்கவிதை ஜேர்மனில் வெளிவந்தது. எழுதியது துருக்கி மொழியில். அதில் நியாசி மட்டுமா இருக்கிறான்? அதே வீதியில் முதுமையடைந்த ஜேர்மன் தொழிலாளியின் மனைவி குற்சர் அம்மாளும் இருக்கிறாள். ஒரென் கண்டது துருக்கியரின் வீதியையல்ல, ஏழைகளின் வீதியை. அதே ஆண்டில் 'ஸ்பீகல்' கண்டதையும் கவிஞன் கண்டதையும் ஒப்பிட்டால் யார் ஊரைப் பார்த்தார்கள் என்பது விளங்கும். ஆனால் ஜேர்மன் இலக்கிய உலகம் இத்தகைய எழுத்துக்கு 'விருந்தினர் தொழிலாளர் இலக்கியம்' என்று ஒரு தனிப்பெட்டி செய்தது. ஜேர்மனைத் தாய்மொழியாகக் கொள்ளாதோருக்கென 1985இல் தொடங்கிய ஷமிசோ விருதை முதலில் ஒரெனுக்கே கொடுத்தார்கள். 2017உடன் அவ்விருது நிறுத்தப்பட்டது. பெட்டிக்குப் போடும் பெயரடையின் பாரம் என்னவென்று இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022இல் அந்நாட்டின் அதியுயர் இலக்கியப் பரிசான ஜோர்ஜ் புக்னர் பரிசு, பெயரடை எதுவுமின்றி, ஒஸ்டமருக்கு வழங்கப்பட்டது. தொழிற்சாலைப் பெண்ணாக வந்திறங்கி ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்.

சட்டமும் அவ்வளவு மெதுவாகவே அசைந்தது. 1913ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இரத்த வழியையே பார்த்தது. குரொய்ஸ்பேர்க்கில் பிறந்து பேர்லின் பேச்சு வழக்கில் சண்டைபிடிக்கும் பிள்ளையும் அந்நியனே. 2000 ஜனவரியில்தான் மண்ணில் பிறந்ததற்கும் ஒரு மதிப்பு வந்தது. பழைய பிரஜாவுரிமையைத் துறக்காமலே ஜேர்மன் பிரஜையாகலாம் என்ற பொதுவிதி வந்தது 2024 ஜூனில். வந்த முதல் தலைமுறையில் எத்தனை பேர் அதைக் காண உயிரோடு இருந்தார்கள்?

1989இல் சுவர் விழுந்தபோது அடைபட்டிருந்த மூலை நகரின் நடுவாகிவிட்டது. அன்றிலிருந்து புதிய ஆபத்து, இம்முறை புன்னகையோடு. பல்கலாசாரம், கலைஞர்கள், இரவுக் கேளிக்கை என்று சுற்றுலாப் பிரசுரங்கள் புகழப் புகழ வாடகை ஏறியது. 'சின்ன இஸ்தான்பூல்' என்பது இப்போது வீட்டு முகவரின் விளம்பர வாசகம். நாமும் அதையே எழுதுகிறோம். 2012 மே மாதத்தில் கொட்புஸர் வாயிலில் அரச உதவி பெற்ற தொடர்மாடிகளின் வாடகைக்காரர்கள் ஒரு பலகைக் கொட்டில் போட்டு அமர்ந்தார்கள். முக்காடிட்ட பாட்டிகளும் ஜேர்மன் மாணவர்களும் ஓய்வுபெற்ற தொழிலாளரும் சேர்ந்தே இருந்தார்கள். கொட்டிலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கெஜெகொண்டு'. ஓரிரவில் எழுப்பிய குடிசை என்று துருக்கியில் பொருள். 2020இல் பேர்லின் கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தை அடுத்த ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாதென்றது. 2021 செப்டெம்பரில் பெருங்கம்பனிகளின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கக் கோரிய வாக்கெடுப்பில் பேர்லின் மக்களில் பெரும்பான்மையோர் ஆம் என்றனர். ஆம் என்றதோடு சரி.

2015இல் வ்ராங்கல் வீதியில், பல ஆண்டுகளாகக் காய்கறி விற்றுவந்த ஒரு துருக்கியக் குடும்பக் கடைக்குக் கட்டட உரிமையாளரிடமிருந்து வெளியேறும் அறிவித்தல் வந்தது. அயலவர் வாரந்தோறும் கடை முன்னால் கூடினார்கள். தங்கள் இயக்கத்துக்கு 'பிசிம் கீற்ஸ்' என்று பெயரிட்டார்கள். பிசிம் துருக்கிச் சொல், 'எங்கள்' என்று பொருள். கீற்ஸ் பேர்லின்காரரின் பேச்சுச் சொல், நமது 'குறிச்சி' போல. அந்தப் பெயரை வைத்தவர்களில் துருக்கி மொழி அறியாதோரும் உண்டு. அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. ஆனால் கடைக்காரரின் உடல்நிலை தளர்ந்து, அடுத்த ஆண்டு கடை மூடப்பட்டது.

அடுத்த பயணக் கட்டுரையை எழுதப்போகும் சகோதரரிடம் ஒரு கோரிக்கை. ஜேர்மன் மொழியறிந்த இலங்கையர் இன்று அந்நாட்டில் நிறைய உளர். அவர்களில் ஒருவரைப் பிடித்து, ஒரெனின் நெடுங்கவிதையின் இரண்டு பக்கத்தையாவது தமிழாக்கி இச்சஞ்சிகைக்கு அனுப்புங்கள். கபாப்பின் படத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.